நெய்வேலியில் ஒரு ஜட்காக் குதிரையும் என் தங்கையும்

நான் போய் இறங்கிய காலையில் அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். என் தங்கை அஞ்சலை, கயிற்றுக் கட்டிலில். அவள் மகள் செல்வி, பதினைந்து வயது, கையில் விளக்குமாறு. அஞ்சலையின் கொழுந்தன் கோவிந்தன், மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்த காக்கி உடுப்போடு. என்னை பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றி வந்த ஜட்காக்காரர் இஸ்மாயில் பாய். அவருடைய குதிரை சிட்டு. பெட்டை, மட்டக் குதிரை, வலது தோளில் வார் அறுத்த புண். கடைசியாக நான். குதிரையை ஆள் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

நான் ஈப்போவில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷம். படிப்பு மூன்றாவது. மிச்ச எழுத்தை லாயத்துக் கணக்குப்பிள்ளை சொல்லிக் கொடுத்தார். ஊருக்குப் போய் என்ன செய்தாய் என்று லாயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல எனக்கு ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸைப் பற்றிச் சொல்லலாம். கடலூரில் ஏறிய பஸ் குள்ளஞ்சாவடியில் புகை விட்டு நின்றது. ஆளுக்கொரு தகரத்தில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒரு அம்மாள் கூடையில் பலாச்சுளை விற்றாள். மலாயாவில் தின்ற பலாவெல்லாம் பலாவே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் நிழலில் நின்று தின்றதைக் கண்டக்டர் பார்த்தார். "ஐயா, இது மலாயா பஸ்சு இல்லீங்க. தள்ளினாத்தான் போவும்." பிசுக்குக் கையோடு தள்ளினேன். புதுச் செருப்பின் வார் அங்கேயே அறுந்தது.

ஈப்போவில் சாயங்காலம் ஆனால் மழை. இங்கே வானத்தில் ஒன்றும் இல்லை. மண் சிவப்பு, மேலே கரிப்புகை. ஆனால் தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். வீட்டுக்கு எண், பிளாக்குக்கு எண், குழாயில் தண்ணீர், சுவிட்சில் விளக்கு. பக்கத்து வீட்டில் மலையாளம், எதிர் வீட்டில் தெலுங்கு. எனக்குப் பிடித்திருந்தது. நல்ல லாயமும் இப்படித்தான் வரிசையாக இருக்கும்.

செல்வி எனக்குப் போட்ட கடிதத்தில் இரண்டு வரிதான். அம்மா நடக்கவில்லை, மாமா வரவும் என்று. வந்த பிறகுதான் முழுதும் தெரிந்தது. எட்டு மாதம் முன்பு அஞ்சலைக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று கால் இரண்டும் மரத்துப் போயின. மரப்பு மெல்லப் போனது. பலம் வரவில்லை.

அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம். பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. நாலு வருஷம் கான்ட்ராக்ட், அப்புறம் பெர்மனென்ட். அந்த ஒரு வார்த்தையால்தான் இந்த வீடு, செல்விக்குப் படிப்பு. லீவு இன்னும் முப்பத்தாறு நாள். அது முடிகிற அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னால் பத்தடி நடந்து காட்ட வேண்டும். நடந்தால் வேலை. நடக்காவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

கோவிந்தன் கெட்டவன் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அவனே முடிவு செய்து வைத்திருந்தான். அண்ணி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வளையமாதேவிப் பக்கம் இருக்கிற அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். செல்வியை அவன் மச்சினனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். எழுதிய தாள் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

"ஒரு கையெழுத்து, மச்சான். கவுரவமா போயிடலாம். எங்க வூட்ல கஞ்சி ஊத்தமாட்டனா?" என்றான்.

அஞ்சலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செல்வி பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு நாள் போகட்டும் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானம் கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. செல்வி சமைத்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தின்றேன். கட்டிலில் அஞ்சலை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். குதிரை இப்படித் தொட்டியைத் தள்ளினால் நான் இரவெல்லாம் தூங்கமாட்டேன்.

நான் யோசித்தது இதுதான். ஈப்போவில் ஒரு தோட்டத்துத் துரையின் மனைவிக்கு இதே மாதிரி கால் விழுந்தது. அவர்கள் நாட்டு டாக்டர் யாரோ சொன்னார் என்று, ஓடி ஓய்ந்த கிழக் குதிரை ஒன்றில் தினமும் அந்த அம்மாளை உட்கார வைத்தார்கள். குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். நாலு மாதம். மருந்து எனக்குத் தெரியாது. பார்த்தது தெரியும். குதிரை நடந்தால் மேலே இருப்பவரின் இடுப்பும் நடக்கிறது. வலது, இடது, வலது, இடது. கால் மறந்ததைக் குதிரை இடுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறது. ஐந்தாம் மாதம் அந்த அம்மாள் தடியோடு நடந்தார்.

எனக்கு நாலு மாதம் இல்லை.

இரண்டாம் நாள் பாய் வண்டியில் அஞ்சலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உயிர் இருக்கிறது, பலம்தான் இல்லை, பயிற்சி வேண்டும் என்றார். குதிரை விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் படிச்சதில்ல. செய்யுங்கன்னு எழுதித் தரமாட்டேன். செய்யாதீங்கன்னும் சொல்லமாட்டேன். விழுந்து இடுப்பு ஒடிஞ்சா எங்கிட்டதான் வருவீங்க."

நேர்மையான பதில். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பாயிடம் கேட்டேன். காலை ஷிப்ட் சவாரி முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் சிட்டு வேண்டும் என்று. பாய் தாடியைத் தடவினார். "எனக்குச் சம்மதங்க. அதுக்குச் சம்மதமான்னு அதையே கேட்டுக்குங்க. எங்க வூட்ல எல்லா முடிவும் அதுதான் எடுக்கும்."

முதலில் ஏற்றவில்லை. லாயத்தில் புது ஆள் வந்தால் மூன்று நாள் குதிரையைத் தேய்க்கத்தான் விடுவோம். சிட்டுவைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அஞ்சலை கையில் கொடுத்துத் தோள் புண்ணைக் காட்டினேன். பயந்து கையை இழுத்தாள். சிட்டு மூச்சு விட்டது. அவள் மெல்லத் தொட்டாள். தொட்ட இடத்தில் தோல் சிலிர்த்து அடங்கியது. பிறகு அவளே உட்கார வைக்கச் சொன்னாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டாள்.

"எட்டு மாசமா எல்லாரும் எனக்கே செஞ்சிகினு இருந்தீங்க" என்றாள். நான் வந்த பிறகு அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு.

ஐந்தாம் நாள் ஏற்றினோம். பிளாக்குக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. தோப்பு ஓரம் ஒரு மதகுக் கட்டை. புடவையோடு கால் போட முடியாது. செல்வி பெட்டியிலிருந்து அப்பாவின் காக்கிக் கால்சட்டையை எடுத்து வந்தாள். அதைப் போட்டு மேலே புடவை. நானும் பாயும் தூக்கி உட்கார வைத்தோம். நான் தலைக்கயிற்றைப் பிடித்தேன். சிட்டு நடக்கவில்லை.

இழுத்தேன். நாக்கால் சத்தம் கொடுத்தேன். கொள்ளு காட்டினேன். கழுத்து மட்டும் நீண்டது, குளம்பு நகரவில்லை. பந்தயக் குதிரையை நிறுத்துவதுதான் எனக்குத் தெரிந்த கஷ்டம். நடக்க வைப்பது கஷ்டம் என்று அதுவரை தெரியாது. மேலே அஞ்சலை பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

பாய்தான் கண்டுபிடித்தார். "பின்னால பாரம் இல்லீங்களே. பாரம் இல்லன்னா டூட்டி முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சிக்கும்." பதினோரு வருஷமாக அது வண்டியோடு மட்டுமே நடந்திருக்கிறது. அவிழ்த்து விட்டால் நின்று தின்பதுதான் அதற்குத் தெரியும்.

வண்டித் தரையில் விரித்திருந்த பழைய பெல்ட் துண்டை உருவினார். மைன்ஸில் மண் போகிற ரப்பர் பெல்ட். அறுந்த துண்டு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் மிதியடி. அதன் மேல் இரண்டு மூட்டை மணலை வைத்துக் கட்டி, வாரில் மாட்டினார். சிட்டு ஒரு முறை பின்னால் எடை பார்த்தது. நடந்தது.

ஈப்போவில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று இருபது மரம் தூரம் போனோம். இறக்கியபோது அஞ்சலையின் தொடை நடுங்கியது. எட்டு மாதமாக அது நடுங்கக்கூட இல்லை.

அப்புறம் தினமும் போனோம். மரம் கணக்கு ஏறியது. அஞ்சலை தட்டைத் தள்ளுவது நின்றது. ஒரு நாள் மூன்று களி உருண்டை தின்றாள். செல்வி தனக்கு இல்லை என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காவல்காரர் வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த வடக்கத்தி ஆள். மீசை பெரியது. பாயிடம் இந்தியில் நிறையப் பேசினார். பிளாக் பக்கம் குதிரை கட்டக்கூடாது, புகார் வந்திருக்கிறது, தோப்புக்குள் போனால் தனக்குத் தெரியாது என்று சொல்கிறார் என்றார் பாய். காவல்காரர் போகவில்லை. அஞ்சலை உட்காரக் குதிரை முதுகில் போட்டிருந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னார். பாய் சிரித்தார். பட்டாளத்தில் கோவேறு கழுதை மேய்த்தவராம். கம்பளியை மூன்றாக மடித்த முட்டாள் யார் என்று கேட்டாராம். முட்டாள் நான்தான். அவரே நாலாக மடித்துப் போட்டார். அஞ்சலை அதற்கப்புறம் வழுக்கவில்லை.

புகார் கொடுத்தது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. கோவிந்தன் மூன்று நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு, பாய் என்னைத் திருவதிகைக்கு ஒரு சவாரியில் கூட்டிப் போனார். தேர் பார்த்தேன், பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை சுட்டு வாங்கித் தின்றேன், உதடு வெந்தது. எழுத வேறு ஒன்றும் இல்லை. மனசு தோப்பில் இருந்தது.

இருபத்தைந்தாம் நாள் நடந்ததுதான் பெரிய விஷயம். தப்பு என்னுடையது.

அன்று காலைச் சவாரியில் ஜட்காச் சக்கரத்தின் இரும்புப் பட்டா கழன்றது. பாய் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கொல்லனிடம் போனார். குதிரையை எங்களிடம் விட்டார். சவாரி இல்லை, மத்தியானம் தோப்பில் நிழல் இருக்கிறது என்று ஒரு மணிக்கு மேல் ஏற்றினேன். நானும் செல்வியும் மட்டும். அஞ்சலை அப்போது கையைப் பிடரியிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு உட்காரும் அளவுக்கு வந்திருந்தாள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது.

சிட்டு நின்றது. காதைத் திருப்பியது. பிறகு தோப்பை விட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. அதற்குச் சங்கு என்றால் ஷிப்ட் விடுகிறது, மைன்ஸ் கேட்டில் ஆள் ஏற்ற வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம். குதிரையோடு பிறந்தவன் மாதிரி பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை.

கயிற்றை இறுக்கினேன். மூன்று வயதுக் குதிரைகளைப் பிடித்து நிறுத்திய கை இது. ரோடு திருப்பத்தில் நிறுத்தியும் விட்டேன். கேட்டிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வரிசையாக வருவது தெரிந்தது. இறக்கிவிடவா என்று அஞ்சலையைக் கேட்டேன்.

அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். எட்டு மாதமாக ஊர் கண்ணில் படாதவள். அதுவரை தோப்புக்குள் மறைந்து மறைந்து ஏறியவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"விடுண்ணா. போவட்டும்."

விட்டேன். மணல் மூட்டை ரோட்டில் உரச, சிட்டு நேராக மைன்ஸ் கேட்டுக்குப் போய், வேப்பமரத்தடியில் தன் இடத்தில் நின்றது. மணியடித்துக்கொண்டு வந்த சைக்கிள்கள் நின்றன. தினம் ஜட்காவில் போகிற இரண்டு பேர் வந்து, வண்டி எங்கே, பாய் எங்கே என்று மேலும் கீழும் தேடினார்கள். கூட்டம் கூடியது. காக்கிக் கால்சட்டை, அதற்கு மேல் புடவை, குதிரை மேல் ஒரு பொம்பளை. யாரோ ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்: "ஐயனாரு லீவுல போயிட்டாருபோல. அம்மாவை டூட்டிக்கு அனுப்பியிருக்காருடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், என் தங்கையாக இல்லாவிட்டால்.

அஞ்சலை குரல் வந்த பக்கம் திரும்பினாள். "லீவுல இருக்கறது நான்தான்டா. இன்னும் பதினோரு நாளு. அப்புறம் டூட்டிக்கு வருவேன். உன் புள்ள படிக்கிற கிளாசையும் நான்தான் பெருக்கணும்."

சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. சொன்னவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோவிந்தன் வந்தான். அன்று அவனுக்கு முதல் ஷிப்ட். முகமெல்லாம் கரித்தூள். "எறங்குங்க அண்ணி" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"எறங்கறேன். வூடு வரைக்கும் நீ தூக்கிக்கினு போறியா? எட்டு மாசமா என்னைத் தூக்கினவ இதோ நிக்கிறா." செல்வியைக் காட்டினாள்.

"நம்ம தெருவுல கல்யாண மாப்பிள்ளகூட குதிர மேல ஏறனதில்ல அண்ணி. ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவாங்க? வேத்துத் தெருக்காரன் கேட்டா வந்து அடிப்பான்."

அவன் சொன்னது பொய் இல்லை. எங்கள் சின்ன வயசில் தெருவுக்குள் குதிரை வந்தால், மேலே இருப்பவனுக்கு வழி விட்டு வேலியோரம் குனிந்து நிற்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் மூன்று பேரும்.

அஞ்சலை சிட்டுவின் பிடரியை ஒரு முறை தடவினாள். பிறகு சொன்னாள். "யாரும் ஏறலன்னுதான் நான் ஏறிக்கினு இருக்கேன். போய்ச் சொல்லு."

சிட்டு தினமும் நிற்கிற நேரம் நின்றது. ஆள் ஏறவில்லை என்றாலும் கணக்குத் தவறவில்லை. பிறகு தானாகத் திரும்பி, பெரிய ரோடு வழியாக, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. மார்க்கெட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அவளும் எல்லோரையும் பார்த்தாள்.

சாயங்காலம் பாய் சக்கரத்தோடு வந்தார். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "நாளையிலேருந்து வண்டியில எவனும் ஏறமாட்டான். குதிர மேல ஏத்தும்பான். எம் பொழப்புல மண்ணு" என்றார். சொல்லிவிட்டு சிட்டுவுக்கு இரண்டு பங்கு கொள்ளு வைத்தார்.

அதற்கப்புறம் தோப்பு இல்லை. ரோட்டில்தான். இருபத்தெட்டாம் நாள் மதகுக் கட்டையில் அவளாகவே எழுந்து நின்று கால் போட்டாள். முப்பதாம் நாள் ஏறாமல், சிட்டுவின் வயிற்று வாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். சிட்டுவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கால் இழுத்தால் அது நின்றது. அவள் வைத்தால் அது வைத்தது. ஒரு முறை விழுந்தாள். குதிரை முன்கால் ஒன்றைத் தூக்கியபடியே அவள் நகரும் வரை கீழே வைக்காமல் நின்றது. பந்தயக் குதிரை எத்தனையோ பார்த்தேன். இதைப் பார்த்ததில்லை.

முப்பத்து நான்காம் நாள் வாரை விட்டுத் தனியாக நடந்தாள். ஐந்தாவது அடியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எட்டு. பத்து வரவில்லை.

கடைசி நாள். ஆஸ்பத்திரி வரை ஜட்கா. பாய் குதிரையை வாசல்படி வரை கொண்டுவருகிறேன் என்றார். கேட்டிலேயே நிற்கட்டும் என்றாள் அஞ்சலை. கேட்டிலிருந்து செல்வியின் தோளைப் பிடித்து வந்தாள். வராந்தாவில் கோவிந்தன் நின்றிருந்தான். குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தான்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். "யார் துணையும் இல்லாம பத்தடி. போதும்" என்றார்.

செல்வியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். நான் சுவரோரம் நின்று எண்ணினேன். லாயத்தை விட்டுக் குதிரை வெளியே வரும்போது அதன் அடியை எண்ணுகிற பழக்கம். ஐந்தில் உடம்பு ஆடியது. எட்டில் கால் நின்றது. இடுப்பை வலது பக்கம் போட்டாள், இடது பக்கம் போட்டாள். ஒன்பது. பத்து.

டாக்டரம்மா உட்கார்ந்து தாளில் எழுத ஆரம்பித்தார். அஞ்சலை நிற்கவில்லை. சுவர் வரை போய்த் திரும்பினாள். மேசையைத் தாண்டினாள்.

"போதும்மா" என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்குப் போதும்ங்க" என்று சொல்லிவிட்டு நிலையைத் தாண்டி வராந்தாவுக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். கோவிந்தன் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. அவனையும் தாண்டி, கோடித் தூண் வரை போய், அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

நாற்பத்து மூன்று அடி.